பதின்மூன்று நம்பர்கள்

எங்கள் சமையலறைச் சுவரில், டெலிபோனுக்குப் பக்கத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பதின்மூன்று பெயர்கள், பதின்மூன்று நம்பர்கள். எல்லாம் என் கணவர் ஓரெஸ்டின் கோழிக் கிறுக்கல். எங்கள் ஊர் வெஸ்னாவில் அறுவடைச் சமயத்தில் எந்த விவசாயியாவது படுக்கையில் விழுந்துவிட்டால், ஓரெஸ்ட் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு நம்பராகச் சுற்றுவார். "சனிக்கிழமை காலைல. மெஷினோட வந்துடு." அவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமை அறுவடை மெஷின்கள் வரிசைகட்டி வந்து, படுத்திருப்பவனின் கோதுமையைப் பொழுது சாய்வதற்குள் அறுத்துக் கொட்டிவிடும். சாப்பாடு என் பொறுப்பு. முப்பது வருஷமாக முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் வைத்து நான் சுருட்டிய சுருட்டுகளை நீளவாக்கில் அடுக்கினால் ரெஜைனா நகரம் வரை போகும்.

தனக்கென்று யாரும் உதவி கேட்கமாட்டார்கள். மற்றவர்கள் பார்த்து வரவேண்டும். கேட்டு வந்தால் அது உதவி இல்லை, பிச்சை. எங்கள் ஊர் இருபத்தேழு பேருக்கும் இந்த வீம்பு மட்டும் குறைவில்லாமல் உண்டு.

ஆகஸ்டில் ஓரெஸ்டுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். கிறிஸ்துமஸ் வரை தாங்குவது சந்தேகம் என்றார் டாக்டர். ஓரெஸ்ட் அழவில்லை. நாற்காலியைத் தெற்கு ஜன்னலுக்கு நகர்த்தச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் வயல் முழுக்கத் தெரியும்.

"இந்த வெள்ளாமை உள்ள வந்து சேர்றதைக் கண்ணால பார்த்துட்டா போதும், நெட்டி. அப்புறம் என்ன ஆனாலும் சரி."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மெஷின் ஓட்ட எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் கோதுமை முற்றி நின்றது. வெள்ளிக்கிழமை நான் எழுபது சுருட்டுகள் செய்தேன். சனிக்கிழமை யாரும் வரவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த பண்ணை மெர்வினின் மெஷின் போனது, அவனுடைய வயலுக்கு. கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான். அடுத்த வெள்ளியும் செய்தேன். அடுத்த சனியும் அப்படியே. நாய்தான் கொழுத்தது.

ஆட்கள் வராமல் இல்லை. பக்கத்து வீட்டு அல்வீனா சூப் கொண்டுவந்தாள். பாதிரியார் வந்தார். மெர்வின்கூட ஒருநாள் வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வானிலை பேசினான். ஜன்னலுக்கு வெளியே கதிர் தலை சாய்ந்து கிடப்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணமும் தெரியும் என்றே நினைத்தேன். போன ஜனவரியில் ஊர்க்கூடத்தின் உத்தரம் விரிசல் விட்டது. ஓரெஸ்ட்தான் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நடனம் போச்சு, சீட்டாட்டம் போச்சு. கூரை விழுந்து யாரும் சாகவில்லை என்பதால் அதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

"நான் மெர்வினுக்குப் போன் பண்றேன்," என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? வெளிய பாருங்க!"

"நம்ம வயலுக்கு நாமளே ஆள் கூப்பிடறதா? செத்தாலும் வேணாம். அவன் சோம்பேறிதான், ஆனா வந்துடுவான் பாரு."

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று நம்பரும் எனக்கு மனப்பாடம். ஒன்றைச் சுற்றியிருக்கலாம். அவர் தூங்கும்போது சுற்றியிருக்கலாம். சுற்றவில்லை. அவருடைய வீம்பு என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் அது இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஈரப்பனி பெய்து கோதுமை தரையோடு படுத்துவிட்டது. ஓரெஸ்ட் வெகுநேரம் பார்த்தார்.

"கூடத்தைப் பூட்டினதுக்கு நல்லாத்தான் திருப்பிக் குடுத்துட்டாங்க," என்றார். "நாற்காலியைத் திருப்பிப் போடு, நெட்டி."

சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். அவர் பதினோரு நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள், சனிக்கிழமை, பதினோரு மெஷின்கள் வந்தன. பனி உருகி வயல் காய்ந்திருந்தது. மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும் என்கிற கோதுமையை, ராஜாவுக்குப் படைக்கப்போவது போலப் பார்த்துப் பார்த்து அறுத்தார்கள். நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. காபிகூடப் போடவில்லை. மத்தியானம் எல்லோரும் லாரிகளின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார்கள். என் அடுப்பு எரியாது என்று அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

சாயங்காலம் மெர்வின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"முடிஞ்சுதுக்கா."

"ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க. இன்னும் பத்து நாள் கழிச்சு வந்திருக்கலாமே."

அவன் முகம் சிவந்தது.

"கூடத்து விஷயத்துல எங்களுக்குக் கோவம் இருந்தது, இல்லேங்கல. அதுக்காக வராம இருப்போமா? சத்தியமாச் சொல்றேன், எல்லாரும் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வச்சுட்டுப் போனுக்குத்தான் காத்திருந்தோம். எப்பவும் போன் வருமே."

"யாரு பண்ணுவாங்க?"

வாயைத் திறந்தான். அவன் பார்வை சுவரில் இருந்த காகிதத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"ஓரெஸ்ட்தான்," என்றான் கடைசியில்.

அவன் சொன்னது உண்மையா, வழியில் யோசித்துக்கொண்டு வந்த சாக்கா, எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையாக இருந்தால்தான் எனக்கு அதிகமாக வலிக்கும்.

"அந்தக் காகிதத்தைக் குடுங்கக்கா. இனிமே நான் கூப்பிடறேன்."

பிய்த்துக் கொடுத்தேன். அவன் வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தான். மறுபடியும் மேலிருந்து படித்தான்.

"இதுல உங்க வீட்டு நம்பர் இல்லையேக்கா."

"அவர் வீட்டுக்கு அவரே எதுக்குப் போன் பண்ணப்போறார்?"

மெர்வின் எங்கள் நம்பரை எழுதிக்கொள்ளச் சட்டைப்பையைத் தடவிப் பேனா தேடினான். இல்லை. மேஜைமேல் என் கைக்குப் பக்கத்திலேயே ஒன்று கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.