நல்ல கேபிள் ஒன்றுதான்

மூன்று நாள் மழையில் திம்புள்ளப் பக்கத்துக் குன்றின் உச்சியில் இருந்த ரிப்பீட்டர் பாதி செத்துப்போனது. பள்ளத்தாக்குகளில் வயர்லெஸ் செட்டில் பேசுகிறவர்களின் குரலை ஓர் ஆன்டெனாவால் வாங்கி, இன்னோர் ஆன்டெனாவால் பலமாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அனுப்புகிற ஆன்டெனாவின் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. வாங்குகிற பக்கம் மட்டும் நன்றாக இருந்தது.

டெக்னீஷியன் பிரேமினி விடிந்ததிலிருந்து அந்தக் கேபிளோடு மல்லுக்கட்டினாள். நுனியை வெட்டிப் பார்த்தாள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. வெட்ட வெட்டத் தண்ணீர்தான். போன் டவர்கள் முந்தின நாளே அடங்கிவிட்டன.

பதினொரு மணிக்கு ஸ்பீக்கரில் தேயிலைத் தோட்டத்து அம்புலன்ஸ் ஓட்டும் தனுஷனின் குரல் வந்தது.

"வண்டியில நாகலெட்சுமி அக்கா இருக்காங்க. புள்ள வலி வந்து அஞ்சு மணி நேரமாச்சு. கீழ் ரோட்டுல போகலாமா? யாராச்சும் சொல்லுங்க."

அவன் முடித்த கையோடு நுவரெலியாவிலிருந்து ஆரூரன் பேசினார். அங்கே வெள்ளம், மண்சரிவைக் கவனிக்கும் அனர்த்தப் பிரிவில் செட்டைப் பார்த்துக்கொள்பவர்.

"எல்லாருக்கும் சொல்லுறன். கீழ் ரோட்டுப் பாலம் உடைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் ஒருதரும் போகாதேங்கோ."

"இவரு சொல்றது அந்தத் தம்பிக்குக் கேக்காதா?" என்றார் காவலாள் நல்லமுத்து.

"கேக்காதுங்க. நடுவுல மலை இருக்கே. நம்மதான் எடுத்துக் குடுக்கணும்" என்றாள் பிரேமினி.

"யாரும் ஒண்ணும் சொல்லல. சரி, கீழ் ரோட்டுலயே போறேன்" என்றான் தனுஷன்.

வாங்குகிற கேபிளைப் பிடுங்கி அனுப்புகிற கருவியில் மாட்டினால் பேசலாம். பேசுகிற நேரத்தில் எதுவும் கேட்காது. ஆனால் அதன் முனை இந்தக் கருவிக்குப் பொருந்தவில்லை. விறைத்த விரல்களால் முனையை இரண்டு கருவிக்கும் பொருந்தும்படி மாற்றி முடிக்க இருபது நிமிடம் ஆனது.

"தனுஷன், கீழ் ரோட்டுல போகாதீங்க. பாலம் இல்ல." பத்துத் தடவை சொன்னாள். அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கேபிளைத் திரும்ப மாற்றினாள்.

"கேட்டுச்சுங்க அக்கா. பாலத்துக்கிட்ட வந்துட்டேன். திரும்பலாம்னு பாத்தா பின்னால மண்ணு சரிஞ்சு கெடக்கு."

அவள் ஆரூரனுக்குச் சொன்னாள்.

"ஆக்களை அனுப்புறம் தங்கச்சி. மண்ணை அள்ளினாத்தான் வரலாம். எவ்வளவு நேரமெண்டு சொல்லத் தெரியேல்ல. இங்க டொக்டர் ஒருதரும் இல்லை."

அதையும் தனுஷனுக்குச் சொல்லிவிட்டுக் கேபிளை மாற்றினாள்.

"நான் என்னக்கா செய்யணும்? எனக்கு ஒண்ணும் தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. "சுடுதண்ணி, சுத்தமான துணி" என்று தான் கேள்விப்பட்டிருந்ததைச் சொன்னாள். நடுரோட்டில் சுடுதண்ணீருக்கு அவன் எங்கே போவான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

இரண்டரை மணிக்கு அவன் குரல் மெலிந்து வந்தது. "புள்ள பொறந்துருச்சுக்கா. அழல."

பிரேமினி கேபிளை மாற்றி, பேசும் பட்டனை அழுத்தினாள். "நான் இங்கதான் இருக்கேன் தம்பி" என்றாள்.

நாலு மணிக்குப் பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்கள் சேற்றில் இறங்கி, நாகலெட்சுமியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு மேல் ரோட்டுக்குப் போனார்கள். அவள் மட்டும் பிழைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தனுஷன் தன் ஜாக்கெட்டில் சுற்றி எடுத்துப்போனான்.

நல்லமுத்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பிரேமினி அதைக் கையில் வாங்கியபோது ஸ்பீக்கரில் இன்னொரு குரல், ஒரு பெண் குரல், ஆற்றுத் தண்ணீர் லயத்துக்குள் வருகிறதென்று சொல்லி வழி கேட்டது.