கோமதி, நாலு வயசு

...சிவப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம், இந்த நீலத்துக்கு ஒரு கால் ஆடுகிறது, ஆனால் இப்போது எழுந்து மாறினால் எதிரே பெருக்கிக்கொண்டிருக்கும் ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிடும், ஏற்கனவே வந்துகொண்டுதான் இருக்கிறது, எண்பத்தோரு கிலோ ஆள் ஒருவன் நாலு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வராது. சிவப்பில் என் மகள் கோமதி, பட்டுப்பாவாடையை விரித்து, இரண்டு காலும் தரையில் அழுத்தமாகப் பதிய, இந்த ஒரு இடத்தையாவது ஒழுங்கான அளவில் செய்திருக்கிறார்களே என்கிற திருப்தியோடு உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே தோரணம், பள்ளி திறந்த அன்றைக்குக் கட்டிய பலூன்கள் பாதி சுருங்கி இன்னும் தொங்குகின்றன, இந்த மலையாள ஊரில் பள்ளி திறப்பதையே திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள், பாயசமெல்லாம் உண்டாம், எங்கள் சங்கரன்கோவிலில் அன்றைக்குத் தெரு முழுக்க அழுகைச் சத்தம்தான் கேட்கும், பிள்ளைகள் ஒரு பக்கம், அம்மாக்கள் ஒரு பக்கம், நான்கூட அழுதிருக்கிறேன், இரண்டாம் வகுப்பு வரைக்கும்... சரி, அதெல்லாம் இப்போது எதற்கு? பன்னிரண்டு மணிக்குச் சேர்க்கைப் பட்டியல் மேலே போய்விடும் என்றார்கள். இப்போது பத்தேகால். இங்கேயா, தமிழ்ப் பிரிவு இருக்கும் அந்த இன்னொரு அரசுப் பள்ளியிலா, இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

காலையில் கலைச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள், தம்பானூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை அவளுக்கு, வரிசையில் நிற்பவர்களிடம் பேசுகிற அதே குரலில் என்னிடமும் பேசுவாள், “இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிருங்க, சொல்லிட்டேன். சாயந்திரம் நான் வந்து கேக்கும்போது நாளைக்குப் பாப்போம்னு மட்டும் சொல்லக்கூடாது.” நான் அப்படியெல்லாம் சொல்லுகிற ஆளா? ஆள்தான். அவளுக்கு மாற்றல் வந்து நாற்பது நாள் ஆகிறது, எனக்கென்ன, நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன், கம்ப்யூட்டரையும் லேமினேஷன் மெஷினையும் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் பிழைப்பு ஓடும், வலியசாலையில் மாடி வீடு, சங்கரன்கோவில் பிரஸ்ஸிலிருந்து வாட்ஸப்பில் வேலை வந்துவிடுகிறது, மாப்பிள்ளை பெயரை நான் பெரிதாகப் போட்டால் அங்கே பெண் வீட்டார் கோபித்துக்கொள்கிறார்கள், எல்லாம் முன்பு போலத்தான். கோமதிதான் மாறிப்போனாள். ஊரில் தெருவில் போகிற ஆட்டையெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறவள், இங்கே வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே ஒரு சொல் பேசவில்லை. வீட்டுக்குள் மழை மாதிரிக் கொட்டுகிறாள், படி இறங்கியதும் வாய் பூட்டிக்கொள்கிறது. ஒரு சொல் இல்லை, நாற்பது நாளாக. மொழிதான் காரணம், வேறென்ன, பாவம் பிள்ளைக்கு எல்லாரும் என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை, இதில் முழுக்க மலையாளம் பேசுகிற வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தால் இருக்கிற வாயும் போய்விடாதா? அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, கலைச்செல்வியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

இதனால்தான் நேற்று இரண்டு பஸ் மாறி அந்தத் தமிழ்ப் பிரிவுக்குப் போனோம். நாலே பிள்ளைகள், ஆனால் என்ன ஒரு அருமையான மனிதர், சத்தியநேசன் சார், சுத்தமான தமிழில், குனிந்து, “பாப்பா பேரு என்னம்மா?” என்று கேட்டார், கோமதி அங்கேயும் வாய் திறக்கவில்லை. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை, தலைசுற்றல், அதுதான். வரும்போது மட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிள்ளிப்பாலத்திலிருந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்... அப்போது தலைசுற்றவில்லையா? இருக்கட்டும், போகும்போது சுற்றியிருக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் இவளுக்குத் தாங்காது, இங்கேயென்றால் ஐந்து நிமிட நடை. ஆனால் இங்கே மலையாளம். ஆனால் இங்கே முற்றத்தில் மாமரம். ஆனால்... இப்படியே நாலு நாளாக ஓடுகிறது.

“கோமு, ஃபைவ் ஃப்ரூட்ஸ் சொல்லு பாப்போம்,” என்று காதோடு கேட்டேன், “ஆப்பிள், ஆரஞ்ச், மேங்கோ, பனானா, இன்னொரு மேங்கோ,” என்று அவளும் காதோடு சொன்னாள், பரவாயில்லை, நிறங்கள் ஏழும் தெரியும், ‘குட் மார்னிங் மிஸ்’ தெரியும். ஒரு வாரமாகப் பயிற்சி. கீழ் வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி, எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டவர், கேட்டுவிட்டுச் சிரித்தார், “கவர்மெண்ட் ஸ்கூல்ல இன்டர்வியூவா? அதெல்லாம் கெடையாது, கேட்டேளா. எங்காத்து ஹரிஷங்கர் அங்கதான் படிச்சான். கொழந்தையக் கொண்டு விட்டாப் போறும்.” நான் நம்பவில்லை. கேள்வி கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிற பள்ளி ஒன்று இருக்க முடியுமா, என் தம்பி மகனுக்கு எங்கள் ஊரில் கத்தரிக்காய்ப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டதற்கு, ‘எனக்குப் பிடிக்காது’ என்று பதில் சொன்னான், இடம் தரவில்லை. எதற்கும் தயாராக இருப்பது நல்லது. இஸ்திரி போட்ட சட்டை, பட்டுப்பாவாடை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், விண்ணப்பம், எல்லாவற்றையும் நேற்று மாலை மளமளவென்று லேமினேட் செய்து கோப்பில் வைத்துவிட்டேன், இந்த ஊர் மழையை நம்ப முடியாது, போன வாரம் காஸ் கனெக்‌ஷன் காகிதம் கூழாகிவிட்டது. இப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் கோமதியின் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்மிதா டீச்சர் வந்தார், முப்பது வயதிருக்கும், குடையை உதறிக்கொண்டே, “ஸாரி கேட்டோ, ரெண்டு கொழந்தைகள் மழையில இறங்கிடுத்து,” பக்கத்துத் தெருக்காரர், வீட்டில் தமிழ்தான் என்று மாமி சொல்லியிருந்தார், எனக்குப் பாதிப் பயம் தெளிந்தது. நான் கோப்பை நீட்டினேன். விண்ணப்பத்தை எடுத்தார், திருப்பினார், விரலால் தட்டிப் பார்த்தார், டக் டக் என்று சத்தம் வந்தது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “சார், இதுல ஒப்புப் போடலையே.” கையெழுத்தைச் சொல்கிறார். போடவில்லை. கடைசி வரியும் எழுதவில்லை. ‘குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறிய வேண்டியது’ என்று மாமி படித்துச் சொன்ன வரி, அதில் ‘வெளியே பேசமாட்டாள்’ என்று எழுத மனம் வராமல், அப்புறம் எழுதலாம், அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்று... என்று என்ன, அதை அப்படியே மெஷினுக்குள் விட்டிருக்கிறேன். “இதுல பேனா பிடிக்காதே, சார்,” என்றார் டீச்சர், வாயைப் பொத்திக்கொண்டு. பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கையெழுத்தில்லாத காகிதம் வந்தால் வாடிக்கையாளரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவன் நான். எப்படி விட்டேன்? மழைக்குப் பயந்துதான். வேறு எதற்கு?

“சரி, வேற ஃபாரம் தரேன்,” என்று சொல்லிவிட்டு டீச்சர் கோமதியின் பக்கம் குனிந்தார், ஆகா, ஆரம்பித்துவிட்டது, இதுதான் இன்டர்வியூ, “மோளுக்கு என்ன பேரு?” “கோமதி, நாலு வயசு,” என்றேன். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் அச்சன்கிட்ட கேக்கலையே.” நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். மறுபடி குனிந்து, “எந்தப் பூ இஷ்டம்?” என்றார். செம்பருத்தி, எனக்குத் தெரியும், அவள் சொல்லமாட்டாள், டீச்சர் தப்பாக நினைத்துவிடுவாரே, பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமே... “செம்பருத்தி,” என்று சொல்லியே விட்டேன். “வீட்டுல யாரு கூட தூங்கறது?” “அவங்க அம்மாகூட.” டீச்சர் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “சாருக்கு இன்டர்வியூ நன்னாப் போறது. சேத்துக்கலாம், ஆனா நாற்காலிதான் தாங்காது.” ஆயா துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். கோமதிகூடச் சிரித்தாள், துரோகி.

அப்புறம் டீச்சர் சன்னல் பக்கம் திரும்பி, “லீலாபாய் சேச்சி, இந்த மோளைக் கஞ்சிப்புரை வாசல்ல உக்கார வைங்கோ, பயறு காட்டுங்கோ,” என்றார், பின்பக்கச் சமையல்கொட்டகையிலிருந்து முந்தானையில் கை துடைத்தபடி ஓர் அம்மாள் வந்தார், கை நீட்டினார், நான் வாயைத் திறப்பதற்குள், இவள் அறிமுகமில்லாதவர்களிடம் போகமாட்டாள் என்று சொல்வதற்குள், கோமதி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். போய்விட்டாள். புதுப் படிவம் மேசையில் இருந்தது. எழுத ஆரம்பித்தேன், பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், அப்பா பெயர், முகவரி... சன்னலுக்கு அப்பால் தாளிக்கிற வாசனை, பாத்திரச் சத்தம், நடுவே ஒரு குரல். பேனா நின்றுவிட்டது. “இது எங்க ஊர்ல தட்டப்பயறு. இங்க வெறும் பயறா? உங்க கரண்டி ஏன் இவ்ளோ நீளம்? சேச்சி, அந்தக் குட்டி ஏன் கரையணு?” அவள்தான். கரையணு என்றா சொன்னாள், அழுகிறது என்பதற்கு? எங்கே பிடித்தாள்? கீழ் வீட்டு டிவியிலா, நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பத்திரிகையில் பிள்ளையாருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவள் இந்த ஊரையே பிடித்துவிட்டாளா? எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது, என் மகள் பேசுகிறாள் என்று அந்த ஆயாவைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது, கண்ணில் நீர்கூட வந்துவிட்டது, தாளிப்பு நெடி என்று துடைத்துக்கொண்டேன். அப்படியானால் மொழி இல்லை. தமிழ்ப் பிரிவில் தலைசுற்றலும் இல்லை. சத்தியநேசன் சார் குனிந்து பெயர் கேட்டபோது யார் சொன்னது... நான்தான். பால் பூத்தில், பஸ்ஸில், மருந்துக்கடையில், எங்கே யார் இவளைப் பார்த்துக் கேட்டாலும் கோமதி, நாலு வயசு, தமிழ்நாடு, என்று ஒரே மூச்சில் நான். இந்த ஊரில் தடங்கல் இல்லாமல் எனக்குப் பேச வருவது அந்த ஒரு வாக்கியம்தான்.

“மோளு எந்தா இத்தற நாளு ஸ்கூல்ல வராதது?” என்று, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றுதான், லீலாபாய் கேட்பது கேட்டது. “எங்கப்பாவுக்கு இங்க ஃப்ரெண்டு யாருமே இல்லல்லா,” என்றாள் கோமதி, பயறை அள்ளிப் போடும் சத்தத்தோடு, “நான்தான் கூட இருக்கேன்.” டீச்சர் மேசையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு பெரிய பொய்! யாருமே இல்லையாம். இல்லாமல் என்ன, கீழ் வீட்டு மாமி இருக்கிறார், பால் பூத்தில் ஒருத்தர் இருக்கிறார், இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு பாக்கெட் தருவார், அப்புறம்... அப்புறம் தெருமுனையில் ஒரு நாய், அதுவும் கோமதியைப் பார்த்துத்தான் வாலாட்டும். கடைசி வரிக்கு வந்துவிட்டேன். ‘நன்றாகப் பேசுவாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருக்கவும்,’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், மை காய ஊதினேன், டீச்சர் வாங்கி உள்ளே வைத்தார், அவ்வளவுதான், முடிந்தது, நாலு நாள் ஓட்டம் நாலு நிமிடத்தில்.

“நான் இந்த வராந்தாவுல ஓரமா உக்காந்திருக்கட்டுமா, டீச்சர்? நாற்காலிகூட வேண்டாம்.” “வேண்டா, சார். பன்னெண்டரைக்கு வந்தாப் போறும்.” கோமதி வரிசையில் நின்றிருந்தாள், கையில் யாரோ கொடுத்த தட்டு, முன்னால் நிற்கிற பையனிடம் அந்த ஐந்து பழங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள், இரண்டாவது மாம்பழம் உட்பட. என்னைப் பார்த்துத் தட்டை ஆட்டினாள், அவ்வளவுதான், மறுபடி திரும்பிக்கொண்டாள். அழவேயில்லை. ஒரு சின்ன அழுகையாவது... சரி சரி, நல்லதுதானே. கலைச்செல்விக்கு ‘முடிவு பண்ணியாச்சு’ என்று செய்தி அனுப்பினேன், உடனே பதில் வந்தது, ‘நீங்களா?’ என்று.

மழை விட்டிருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை, நாலைந்து நாளாகப் பார்க்கிறேன், போனதில்லை, மேலே ‘சஜி டீ ஸ்டால்’ என்று ஆங்கிலத்தில், எழுத்துரு சகிக்கவில்லை, பின்னணி நிறம் அதைவிட. பன்னிரண்டரை வரைக்கும் என்ன செய்வது, வீட்டுக்குப் போனால் ஒரு காதுகுத்துப் பத்திரிகை இருக்கிறது, ரோஸா மஞ்சளா என்று கேட்க ஆள் இல்லை. போய் நின்றேன், ஒரு விரலைக் காட்டினேன். சஜியாகத்தான் இருக்க வேண்டும், டீயை உயரே இழுத்து ஆற்றிக்கொண்டே, பள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிநேகமாகச் சிரித்தார், “மோளைச் சேர்த்தோ? நல்ல ஸ்கூலாணு, கேட்டோ. சாரோட பேரு எந்தா?” என்றார். “கோமதி, நாலு வயசு,” என்றேன். அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடித் தம்ளர் ஒரு கையில் அந்தரத்தில் நிற்க, சிரிக்காமல், அவசரப்படாமல், படிவத்தின் கடைசி வரியில் நான் எழுதிக் கொடுத்தது போலவே காத்திருந்தார். கோமதி எப்போதும் நிற்கும் வலது பக்கம் கீழே குனிந்து பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.