மூச்சு இழுத்தால் மடங்கும் கை

என் வீட்டுக்காரர் தச்சர். அதிகம் பேசமாட்டார்; அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். பைக்கிலிருந்து விழுந்ததில் வலது கைக்குப் போகும் நரம்புகள் தோள்பட்டைக்கு மேலே பிய்ந்துபோய், கை துவண்டு தொங்கிவிட்டது. டாக்டரம்மா, விலாவில் மூச்சுக்காக ஓடும் நரம்புகளைத் திருப்பி, முழங்கையை மடக்கும் தசையோடு இணைத்துத் தைத்தார்.

“மூச்சை நல்லா உள்ள இழுத்துக்கிட்டே கையை மடக்கப் பாருங்க. மெதுவாத்தான் வரும்” என்றார்.

பதினோரு மாதம் ஆயிற்று. கை அசைவேனா என்றது. அடுத்த தடவை வரும்போதும் அசையாவிட்டால் தொடையிலிருந்து தசை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வராமல் எங்கே போய்விடும் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். இவர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், பட்டறையில் பலகைமேல் கையை வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். மரத்தூள் மூக்கில் ஏறி, பெரிதாகத் தும்மினார். கை பலகைமேல் நாலு விரற்கடை உள்பக்கம் நகர்ந்தது.

“பாத்தீங்களா!”

“தும்முன வேகத்துல ஆடியிருக்கும்.”

“ஆடலை, மடங்குச்சு. எங்க, இப்ப மடக்குங்க.”

உதட்டை இறுக்கிக்கொண்டு கையையே பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. மரத்தில் பென்சிலால் கோடு போடும்போது இவர் மூச்சே விடமாட்டார்; கோடு கோணிவிடுமாம். இருபது வருஷப் பழக்கம்.

“அட கடவுளே! கோடா போடுறீங்க? மூச்சை நிறுத்திட்டு மூச்சு நரம்பை வேலை செய்யச் சொன்னா அது என்ன செய்யும்? இழுங்க!”

“கத்தாதே” என்று சொல்லத்தான் மூச்சை இழுத்தார். கை நகர்ந்தது. எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் சொல்ல, இவர் மேசைமேல் கையை வைத்து, மூச்சை இழுத்து, மூன்று தடவை மடக்கிக் காட்டினார்.

“உங்க தொடை தப்பிச்சுது” என்றார் டாக்டரம்மா. “ஆமா, பதினோரு மாசமா மூச்சே விடாமலா இருந்தீங்க?”

“கஞ்சப்பிசுநாறிங்க, டாக்டர். மூச்சைக்கூட எண்ணித்தான் விடுவார்” என்றேன்.

விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் அந்தக் கை தானாக நகர்ந்துவந்து, மேசையில் இருந்த என் கைமேல் இடித்தது.

“நான் மடக்கலை. அதுவா வந்துடுச்சு” என்றார்.

“வந்தா வரட்டும். எடுக்காதீங்க” என்றேன்.