மெல்ரோய் அங்கிள் வெளியாள் இல்லை

கொட்டாஞ்சேனையில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தின் கேற்றைத் தாண்டி உள்ளே போவது இலேசான காரியம் இல்லை. தண்ணீர்த் தாங்கி கழுவ வருகிறவர், போட்டோக்கொப்பி மெஷின் திருத்த வருகிறவர், காய்ச்சல் வந்த மகனைக் கூட்டிப்போக வரும் தகப்பன் எல்லாரும் கேற்றடியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, சிவப்புப் பட்டியில் தொங்கும் 'விசிற்றர்' அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அந்தத் தகப்பனும் அலுவலக வாசலோடு சரி. மாடிப்படியில் கால் வைத்தால் காவலாளி விசில் ஊதுவார். பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் பள்ளிக்கூடம் அவ்வளவு கண்டிப்பு.

அந்தச் சிவப்புப் பட்டிகளை அன்பளிப்பாகக் கொடுத்தவர் மெல்ரோய். இதே பள்ளிக்கூடத்தில் படித்து, கனடாவுக்குப் போய், தலைமுடி கொஞ்சம் உதிர்ந்ததும் தாய்ப்பள்ளி மேல் பாசம் பொங்கித் திரும்பி வந்தவர். ஒவ்வொரு பட்டியிலும் அவருடைய பெயர் பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது. தாங்கி கழுவுகிறவரும் காய்ச்சல்காரனின் தகப்பனும் மெல்ரோயைக் கழுத்தில் சுமந்துகொண்டு நிற்க, மெல்ரோய் மட்டும் கழுத்தில் ஒன்றும் இல்லாமல், சென்ட் மணக்க மணக்க, விரும்பிய மாடிக்கு ஏறி இறங்கினார். பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். ஆசிரியர்களும் அங்கிள் என்றார்கள். அவரைவிட வயதில் மூத்த அதிபர் கொன்ஸ்ரன்ஸ் மெடம்கூட வாய் தவறி ஒரு தரம் அங்கிள் என்றுவிட்டார்.

றேணுகா மட்டும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சும்மா சிரித்துவிட்டு விலகிப் போவாள். ஆறாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள். வந்து ஒரு வருடம் ஆகவில்லை, வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஸ்டாஃப் மீற்றிங்கில் அவள் வாய் திறந்தால் அது கொட்டாவிக்காகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

மெல்ரோய் அங்கிளுக்கு ஏழைப் பிள்ளைகள் மேல் இரக்கம் அதிகம். அந்த இரக்கத்துக்கு நல்ல கண்பார்வையும் இருந்தது. தகப்பன் கட்டாரில், தாய் வத்தளையில் கார்மென்ட் ஃபெக்டரியில், வீடு மட்டக்குளி தொடர்மாடியில், பின்னேரம் கதவைத் திறக்க ஆள் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் திறமை இருக்கும். அப்படித்தான் ஆறாம் வகுப்புப் பர்ஹாவிடம் பேச்சுத் திறமை இருப்பதை அவர் கண்டுபிடித்தார். பேச்சுப் போட்டிக்குத் தானே பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார். மேல்மாடி ஏசி அறையைத் திறந்துகொடுத்தார்கள்.

தமிழ்ப் பாடத்தில் பர்ஹாவின் கதிரை அடிக்கடி காலியாக இருந்தது. ஒருநாள் வகுப்புச் சோதனை. அவளைக் கூட்டிவர றேணுகா மாடிக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. திரை இழுத்து மூடியிருந்தது. தட்டினாள். பேச்சுப் பயிற்சி நடக்கும் அறைக்குள் ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை. மறுபடி தட்டினாள். கதவு திறக்கச் சுணங்கியது.

"ஏசி வெளியால போகுது மிஸ். அதுதான் பூட்டினது" என்றார் மெல்ரோய், கேட்காத கேள்விக்கு.

பர்ஹா சுவரோரம் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு றேணுகாவுக்கு முன்னால் விறுவிறென்று படி இறங்கினாள். சோதனைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

மணி அடித்து எல்லாரும் போனபிறகு, மேசையைத் துடைக்கிற சாட்டில் அவள் பின்தங்கினாள்.

"மிஸ், ஒண்டு சொன்னா ஏசுவீங்களா?"

"ஏசமாட்டன். சொல்லு."

"அங்கிள் எனக்கு ஃபோன் ஒண்டு தந்தாரு. உம்மாக்கிட்ட சொல்ல வாணாமாம். மெசேஜ் போடுவாரு. படிச்சிட்டு அழிச்சிரச் சொல்லியீக்கிறாரு." துடைத்த இடத்தையே துடைத்தாள். "எனக்கு அந்த ரூமுக்குப் போக விருப்பமில்ல மிஸ். போகாட்டி போட்டியில இருந்து பேர வெட்டிருவாங்களா?"

"நீ எனக்குச் சொன்னது நல்லது. உன்னில ஒரு பிழையும் இல்லை" என்றாள் றேணுகா. "பேரை வெட்ட மாட்டினம். அந்த அறைக்கு நீ இனிப் போகத் தேவையில்லை." வேறு ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை மூடிக்கொள்ளும் என்று பயம். கேட்காமல் விட்டதிலும் பயம். இரண்டு பயத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனாள்.

கொன்ஸ்ரன்ஸ் மெடம் பரிசளிப்பு விழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினர் மெல்ரோய். கேட்டு முடித்ததும் பேனையை மூடினார்.

"றேணுகா மகள், யாரைச் சொல்லுறீங்க எண்டு விளங்குதா? ஸ்மார்ட் போர்ட் யார் தந்தது?"

"ஸ்மார்ட் போர்டைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல மெடம்."

"அவர் பாசமான மனுஷன். எங்கட ஆக்கள் கனடாவுக்குப் போனா கொஞ்சம் ஃப்ரீயாப் பழகுவினம்."

"கனடாவில கதவைப் பூட்டிப்போட்டுத்தான் ஃப்ரீயாப் பழகுறவையா மெடம்?"

சொன்னது தான்தானா என்று றேணுகாவுக்கே சந்தேகம் வந்தது. மெடமுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் மெடமின் ஞாபகத்துக்கு வந்தது. விஷயத்தை அதன் தலையில் கட்டிவிட்டு அழைப்பிதழுக்குத் திரும்பினார்.

குழுவின் தலைவர் செபஸ்தியன் சேர், உப அதிபர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஹோட்டல் ஒன்றில் நடந்த பாதுகாப்புப் பயிற்சிக்கு முழுநாளும் போய் வந்தவர். அங்கே சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாகப் பரிமாறிய வட்டிலப்பத்தைப் பற்றி இன்றைக்கும் விரிவாகச் சொல்வார். பயிற்சியைப் பற்றிக் கேட்டால், மிகவும் பிரயோசனமானது என்பார். அவர் வந்தபிறகுதான் விசிற்றர் அட்டையும் வந்தது, மாடிப்படியில் புன்னகைக்கும் குழந்தையின் போஸ்டரும் வந்தது. அதற்குப் பிறகு குழு கூடவில்லை. கூடுவதற்கு ஒரு விஷயம் வேண்டுமே.

இப்போது விஷயம் கிடைத்துக் கூடியது. றேணுகாவையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீரும் பற்றிஸும் வந்தன.

"முதல் கேள்வி" என்றார் செபஸ்தியன் சேர், மீசையில் ஒட்டிய துகளைத் தட்டிக்கொண்டு. "கொள்கையில விசிற்றர் எண்டுதான் இருக்கு. விசிற்றர் எண்டா வெளியாள். மெல்ரோய் வெளியாளா?"

"எங்கட பிள்ளை சேர் அவர்" என்றார் மெடம்.

"அதுதான். வெளியாள் இல்லாட்டி இந்தக் கொள்கை அவருக்குப் பொருந்தாது. இரண்டாவது, மிஸ், என்ன சம்பவம் நடந்தது?"

"கதவு பூட்டியிருந்தது. தாய்க்குத் தெரியாம ஃபோன் குடுத்திருக்கிறார். மெசேஜை அழிக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளை அங்க போகப் பயப்பிடுறா."

"இதெல்லாம் கவலை. சம்பவம் இல்லை. சம்பவம் நடந்தால்தான் சம்பவம் எண்டு எழுதலாம்."

"அப்ப அது நடக்குமட்டும் பாத்துக்கொண்டு இருக்கப் போறமா சேர்?"

பற்றிஸ் கடிக்கும் சத்தம் நின்றது. றேணுகாவின் காது சுட்டது. ஆனால் வாய் ஒருமுறை திறந்துவிட்டதால் அதை மூடும் வழி அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, அவர் வெளியாள் இல்லை. அப்ப உள்ளாள். உள்ளாள் எல்லாரும் குற்றம் ஒண்டும் இல்லை எண்டு பொலிஸ் றிப்போர்ட் தரவேணும். நான் வேலைக்கு வரேக்க தந்தனான். தாங்கி கழுவ வாறவரிட்டயும் வாங்கினீங்க. மெல்ரோய்ட றிப்போர்ட் எங்க?"

செபஸ்தியன் சேர் மெடமைப் பார்த்தார். மெடம் தேநீரைப் பார்த்தார். வெளியிலும் இல்லாத, உள்ளேயும் இல்லாத ஒரு மனிதர் பள்ளிக்கூடத்துச் சுவருக்குள்ளேயே சீமெந்தாகக் கலந்துவிட்டார் போலும். கடைசியில் குழு ஒரு தீர்மானம் எடுத்தது: றேணுகா மிஸ்ஸின் உணர்வுகளைக் குழு மதிக்கிறது. மெல்ரோயுடன் செபஸ்தியன் சேர் பக்குவமாகக் கதைப்பார்.

அவர் கதைத்த பக்குவம் அடுத்த நாளே தெரிந்தது. தமிழ்ப் பாடத்தின் நடுவில் மெல்ரோய் சொக்கலேட் பெட்டியோடு வகுப்புக்குள் வந்து நின்றார்.

"றேணுகா மிஸ்ஸுக்கு என்னில கோபமாம்" என்றார் பிள்ளைகளைப் பார்த்து. பிள்ளைகள் சிரித்தார்கள். "மிஸ்ஸுக்குச் சொக்கலேட் குடுத்துச் சமாதானம் ஆவம், என்ன?" பெட்டியை மேசையில் வைத்தார். பர்ஹாவின் பக்கம் திரும்பினார். "வாங்க மகள், போட்டிக்கு நேரம் இல்லை."

பர்ஹா எழுந்தாள். எழும்போதே கண்கள் றேணுகாவைத் தேடின. ஏசமாட்டேன் என்று சொன்னவள் இவள். அந்த அறைக்குப் போகத் தேவையில்லை என்று சொன்னவளும் இவள்.

"பர்ஹா, இருங்க" என்றாள் றேணுகா. "இது தமிழ்ப் பாடம். பர்ஹா எங்கயும் வரமாட்டா."

"மெடத்திட்ட கேட்டனான்."

"மெடம் வந்து கேட்டாலும் வரமாட்டா."

மெல்ரோய் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது. "மிஸ் இன்னும் பேர்மனன்ற் இல்லை என்ன?" என்று மெல்லக் கேட்டார், சுகம் விசாரிப்பதுபோல.

"இல்லை" என்றாள் றேணுகா. "பக்கம் திருப்புங்க பிள்ளையள்."

நாற்பது புத்தகங்கள் ஒன்றாகத் திரும்பிய சத்தத்தில் அவர் போனது கேட்கவில்லை. பர்ஹா உட்கார்ந்தாள். றேணுகா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடத்தை எப்படி முடித்தாள் என்று பிறகு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. இன்றைக்குப் பர்ஹாவை உட்காரவைத்தாயிற்று. நாளைக்கு இவள் லீவு போட்டாலோ, இவளையே அனுப்பிவிட்டாலோ அந்தப் பிள்ளை படி ஏறத்தான் வேண்டும். பர்ஹாவும் தப்பினால், வேறொரு பிள்ளைக்குத் திறமை இருப்பது கண்டுபிடிக்கப்படும்.

பள்ளிக்கூடம் விட்டதும் பர்ஹாவுடன் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள். தொடர்மாடி வீட்டில் தாய் மஸாஹிரா வேலையால் வரும்வரை காத்திருந்தாள். மஸாஹிரா செருப்பைக் கழற்றாமலே நின்று கேட்டார். பர்ஹா உள்ளே போய், உடுப்புக்கு அடியில் இருந்த ஃபோனை எடுத்துவந்து உம்மாவின் கையில் வைத்தாள்.

"யா அல்லாஹ்" என்றார் மஸாஹிரா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ், பொம்புளப் புள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு நாங்க எப்படித் தல நிமித்தி நடக்கிற? இஸ்கூல மாத்திட்டா போதாதா?"

"மாத்தலாம் அன்ரி. அவர் அங்கதான் இருப்பார். பர்ஹாட கதிரையில வேற பிள்ளை இருக்கும்."

மஸாஹிரா மகளைப் பார்த்தார். "ஏன் மக எனக்கிட்ட சொல்லல்ல?"

"நீங்க களச்சு வாறீங்க உம்மா" என்றாள் பர்ஹா.

தாய் மகளின் கையைப் பிடித்தார். செருப்பு காலில்தானே இருந்தது, திரும்பி நடந்தார்.

பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவின் மேசையில் இருந்த கொன்ஸ்தபிள் பெண் முதலில் சிங்களத்தில் கேட்டாள். மஸாஹிரா திக்கியதும் தமிழுக்கு மாறினாள். பேப்பரில் பிள்ளையின் பெயர் வராது என்று, கேட்காமலே சொன்னாள். ஃபோனை ஒரு உறையில் போட்டு ஒட்டினாள். அழித்த மெசேஜையும் எடுக்கலாம், தங்கச்சி பயப்பட வேண்டாம் என்றாள். றேணுகா பார்த்ததை, பார்த்தபடி எழுதிக்கொண்டாள். அது கவலையா சம்பவமா என்று கேட்கவே இல்லை. வட்டிலப்பம் சாப்பிடாத பெண்ணாக இருக்கவேண்டும்.

பிறகு பர்ஹாவை உம்மாவோடு உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். றேணுகா வெளியில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தாள்.

கைபேசி அடித்தது. கொன்ஸ்ரன்ஸ் மெடம்.

"றேணுகா, நீங்க பர்ஹா வீட்டுப் பக்கம் போனதாக் கேள்வி. எங்க நிக்கிறீங்க?"

"பொலிஸில மெடம்."

"பரிசளிப்பு விழா முடியுமட்டும் பொறுத்திருக்கலாமே மகள்! அழைப்பிதழ் அடிச்சாச்சு. இப்ப பிரதம விருந்தினருக்கு நான் எங்க போக?"

"செபஸ்தியன் சேர் இருக்கிறார் மெடம். மாலை போட்டால் வடிவா இருப்பார்."

"பகிடி விடுறீங்க. நாளைக்கு வேலைக்கு வாற எண்ணம் இல்லையா?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. வாடகை, தம்பியின் ரியூஷன், அம்மாவின் மருந்து என்று வரிசையாக எல்லாம் முன்னால் வந்து நின்றன. அழுகையும் வரப்பார்த்தது. அந்த நேரம் உள்ளறையில் இருந்து ஒரு குரல் கேட்டது. முதலில் ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்காதபடி றேணுகா வாங்கின் மறுமுனைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹலோ? றேணுகா? இருக்கிறீங்களா?"

"இருக்கிறன் மெடம். ஆனா பிறகு எடுங்க" என்றாள் தணிந்த குரலில். "பர்ஹா கதைச்சுக்கொண்டிருக்கிறா."