அவதான் தலையாட்டிட்டாளே!

"அவதான் தலையாட்டிட்டாளே! அப்புறம் இன்னா கேள்வி?"

சின்னப்பொண்ணு பேசிக்கொண்டே ராஜாம்பாளின் புடவைகளைக் கட்டைப்பைக்குள் திணித்தாள். மடித்தது பாதி, மடிக்காதது பாதி. மறுநாள் அந்த வீட்டுப் பெண் துர்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் துர்காவின் அம்மா ராஜாம்பாளை அப்புறப்படுத்தியாக வேண்டும். பாகூரில் ராஜாம்பாளின் தம்பி வீடு இருக்கிறது, ஆட்டோவும் சொல்லியாகிவிட்டது.

வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய துர்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்கு அம்மா தலையாட்டினாங்க, அத்தை?"

"ஊருக்குப் போறதுக்குத்தான். நான் கேட்டேன், ஒங்கம்மா ஆட்டினா. ஒங்கப்பனும் பாத்துக்கினுதான் இருந்தான், கேளு."

சக்கரபாணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முத்தியால்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் வாய் ஓயாது. வீட்டில் அக்கா சின்னப்பொண்ணுக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டி வந்து இந்த வீட்டை நடத்துவது மட்டும் நிற்கவேயில்லை.

ராஜாம்பாள் கட்டிலில் உட்கார்ந்து, தன் புடவைகள் பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் போகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன பொங்கல் கழிந்த வாரம்வரை அவள் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலுக்கு மேல் கேட்கும் குரல். ஒரு நாள் காலையில் சாப்பாட்டுக் கூடையோடு பஸ் ஸ்டாப்பில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். கால் தேறியது. வலது கை பாதி தேறியது. பேச்சு தேறவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் 'கதவு' என்று வரும். தப்பு வந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும்; உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

பேச்சுப் பயிற்சி தந்த மாலா முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இதுக்கு அஃபேசியான்னு பேரு. அவங்க அறிவு எங்கயும் போவல. ஆனா கேட்டத மனசுல புடிச்சு வெச்சுக்கற எடம் சின்னதாயிட்டுது. நீளமா பேசினா, கடைசி வார்த்த வர்றதுக்குள்ள மொத வார்த்த நழுவிடும். சின்னச் சின்னதா சொல்லுங்க. சொல்லிட்டுக் கொஞ்சம் காத்திருங்க."

காத்திருப்பதற்கு அந்த வீட்டில் யாருக்கு நேரம்? மிக்ஸி ஓடும், டிவி அலறும், நடந்துகொண்டே நாலு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இன்னா, சரிதானே?" என்று முடிப்பார்கள். ராஜாம்பாள் தலையாட்டுவாள். தெருக்கோடியில் இருக்கும் பிரெஞ்சு பென்ஷன்காரர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தால் நாம் மரியாதைக்குத் தலையாட்டுவதில்லையா? அப்படித்தான் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டல் ஒன்று போதுமாக இருந்தது, பாவிகளுக்கு! அவள் வேலையை விட்டுவிடுவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்தார்கள், தலையாட்டினாளாம். முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினார்கள், அதற்கும் ஆட்டினாளாம். அவள் சம்பாதித்து வாங்கிய தையல் மெஷின் சின்னப்பொண்ணின் மருமகளிடம் போய்ச் சேர்ந்தது. அவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது, ஒன்றும் புரியாது என்று தெருவெல்லாம் சொன்னவர்கள், அவளிடமிருந்து எதையாவது எடுக்க வேண்டும் என்றால் மட்டும் அவள் சம்மதத்தைச் சாட்சிக்கு இழுத்தார்கள். எழுதும்போதே வயிறு எரிகிறது.

துர்கா டிவியை அணைத்தாள். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் போய் நிறுத்தினாள். அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா. நாளைக்கு எனக்கு நிச்சயம்."

காத்திருந்தாள். ராஜாம்பாளின் முகம் மலர்ந்தது. தலையசைத்தாள்.

"உன்ன பாகூருக்கு அனுப்பறாங்க."

ராஜாம்பாளின் கண்கள் கட்டைப்பைக்குப் போயின, அங்கேயே நின்றன.

"இன்னைக்கே."

"அதான் சொல்லிட்டமே, திருப்பித் திருப்பி இன்னா..." என்று சின்னப்பொண்ணு ஆரம்பித்தாள்.

"அத்தை, செத்த சும்மா இருங்க." துர்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, நீ போறியா?"

அந்த அமைதியைச் சக்கரபாணியால் தாங்க முடியவில்லை. ரிமோட்டைத் தேடினார், அது துர்காவின் மடியில் இருந்தது.

ராஜாம்பாளின் தலை இடமும் வலமும் அசைந்தது. ஒரு முறை அல்ல. பிறகு வாய் திறந்தது. "கதவு..." என்றாள். இல்லை என்று கையை உதறினாள். மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "தட்டு... நான்."

பெண்ணின் தாய்தான் தாம்பூலத் தட்டைக் கொடுக்க வேண்டும் என்பது முறை. அதைத்தான் சொன்னாள்.

"இடக்கையால தட்டு குடுப்பாளா? வெளங்கிடும்!" சின்னப்பொண்ணு வெடித்தாள். "தப்பும் தவறுமா எதையாவது ஒளறி வெச்சான்னா பரம்பர வியாதின்னு எழுந்து போயிடுவாங்கடி. ஒன் நல்லதுக்குத்தான் செய்யறோம்."

ராஜாம்பாள் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. பேச்சு புரிய ஆரம்பித்த தைரியத்தில் அவளுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. முன்னறை ஜன்னலோரம் நாலு கால் தடம் மட்டும் மிஞ்சியிருந்த இடத்தைக் காட்டினாள். காலால் மிதிப்பதுபோல் செய்தாள்.

"எங்க?"

அத்தனை மாதமும் தன் தையல் மெஷின் எங்கே போனது என்று தெரியாமலே அவள் இருந்திருக்கிறாள். 'நீதானே தலையாட்டின' என்று சொல்ல, அப்போது சின்னப்பொண்ணுக்கே வாய் எழவில்லை.

துர்கா எழுந்து, கட்டைப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள். "அம்மா இல்லாம நிச்சயம் இல்ல. ஆட்டோவ வேணாம்னு சொல்லுங்கப்பா."

மறுநாள் ராஜாம்பாள் மயில்கழுத்து நிறப் பட்டில் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் தட்டோடு. சக்கரபாணி முழங்காலைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். மாப்பிள்ளை விக்ரம் படித்தவன், சாது. தன் கல்யாணத்தில் தனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசுவதெல்லாம் அவன் பெரியப்பா தணிகாசலம்.

அவர் ராஜாம்பாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சக்கரபாணியின் பக்கம் சாய்ந்தார். "சம்பந்தியம்மாவுக்குப் புத்தி கித்தி...?" அவள் காதுபடத்தான் கேட்டார். ராஜாம்பாளுக்கு அது புரிந்தது, சின்ன வாக்கியம்தானே. சக்கரபாணி இருமினார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "இந்தக் காலத்துல பொண்ணு சம்மதம் முக்கியம். சபைல கேட்டுடறதுதான் மொற." எல்லாரும் திருப்தியாகத் தலையசைத்தார்கள். அவர் சிரித்த முகத்தோடு துர்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, மாப்ளைய ஒனக்குப் புடிச்சிருக்கு, எங்க வீட்டுக்கு வந்து பெரியவங்கள அனுசரிச்சுக்கினு, வேலைக்கு கீலைக்குப் போறேன்னு அலையாம, பொறந்த வீட்டுல நோயாளி கீறாங்களேன்னு நெனச்சப்பல்லாம் கெளம்பி ஓடாம, மாப்ள மனசு கோணாம நல்லபடியா குடும்பம் நடத்தறதுல ஒனக்குச் சம்மதந்தானே?"

கூடமே துர்காவின் கழுத்தைப் பார்த்தது. குனிந்த தலை, ஒரு சின்ன அசைவு, அப்புறம் கெட்டிமேளம். சின்னப்பொண்ணு பின்னாலிருந்து அவள் முதுகில் விரலால் குத்தினாள். பழக்கம் எவ்வளவு கொடியது, பாருங்கள். நேற்று அம்மாவுக்காக வீட்டையே எதிர்த்தவள், தனக்கென்று வந்ததும் முகவாயைத் தாழ்த்திவிட்டாள். தலை இறங்கத் தொடங்கியது.

ராஜாம்பாளுக்கு அந்தக் கேள்வியில் பாதி நழுவிப் போயிருந்தது. ஆனால் அந்த மாதிரிக் கேள்வியை அவளுக்குத் தெரியும். நீளம் தெரியும், சிரிப்பு தெரியும், கடைசியில் வருகிற 'தானே' தெரியும். ஒரு வருஷமாக அவளைத் துடைத்துப் போட்ட கேள்வி அது. அவளுடைய இடது கை மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தியது.

"ஒண்ணு..." என்றாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் தணிகாசலம்.

ராஜாம்பாளுக்கு வியர்த்தது. உதடு கோணியது. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் விடவில்லை.

"ஒண்ணு... ஒண்ணா. கேளு."

துர்கா தன் முகவாயிலிருந்த அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா ஒண்ணொண்ணா கேக்கச் சொல்றாங்க பெரியப்பா. நான் வேலைய விடணுமா? அத மொதல்ல கேளுங்க. பதில் சொல்றேன். அப்புறம், அம்மாவ வந்து பாக்கக் கூடாதா? அதையும் தனியா கேளுங்க. விக்ரம், நீங்க கேட்டாலும் சரி."

விக்ரம் போனிலிருந்து தலையெடுத்தான். பெரியப்பாவைப் பார்த்தான். தணிகாசலம் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிச் சுலபமாகச் சொல்லிவிட்டவருக்கு, சபையில் அதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக் கேட்க நா எழவில்லை.

"நேரம் போவுது தம்பி," என்று சின்னப்பொண்ணு பல்லைக் கடித்தாள். "அவகிட்டருந்து தட்ட வாங்கு."

சக்கரபாணி அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

தட்டு ராஜாம்பாளின் மடியில் இருந்தது. இடது கையை மகளிடமிருந்து விடுவித்து அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தபடி அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.