இரண்டாவது பிரேக்

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்பவரின் காலடியில். மற்றொன்று பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் ஆசிரியையின் காலடியில். அதிலிருந்து பாதத்தை எடுத்தறியாத அந்த ஆசிரியையை எல்லோரும் பிரேக் அக்கா என்றே அழைத்தார்கள்.

புதிதாகச் சேர்ந்தவள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள்.

"அக்கா, எனக்கு ரிவர்ஸ் மட்டும் போதும்."

"ஏம்மா, ஊரெல்லாம் பின்னாடியே போகப் போறியா?"

"வீட்டு கேட்டைத் தாண்டிட்டா மிச்சத்தைச் சமாளிச்சுக்குவேன்."

அவளுடைய கணவனின் கார் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நிற்கும். பின்னால் குறுகலான கேட். சாவி ஆணியில் தொங்கும். ஓட்டத் தெரியாதவளிடமிருந்து அதை ஒளிக்க அவனுக்குத் தோன்றியதில்லை. அவளை அடிப்பான், மகளை இதுவரை அடித்ததில்லை. அடிக்கும் நாளில் மகளோடு வெளியேறிவிட வேண்டும். அதற்குள் கற்றாக வேண்டும்.

"கழுத்துல என்ன?" என்றாள் அக்கா.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"உங்க வீட்டுக் கதவுக்கு விரலெல்லாம் இருக்கு போல."

அக்கா வகுப்பைத் தொடங்கினாள். மைதானத்தில் காலி டிரம்களை இருபுறமும் நிறுத்தி, நடுவே பின்னோக்கி ஓட்டச் சொன்னாள். ஒரு டிரம்கூட உருளவில்லை.

"பிரேக் சரியா பிடிச்சேனாக்கா?"

"நீ எங்க பிடிச்ச? எல்லாம் நான்."

அவள் காரை நிறுத்தினாள்.

"அக்கா, காலை மேல தூக்கி வச்சுக்கங்க."

"இடிச்சா?"

"இடிக்கட்டும்."

அக்கா இருக்கையில் சம்மணமிட்டாள். அன்று டிரம்கள் உருண்டன, நசுங்கின. சில வாரங்களில் ஒன்றும் உருளவில்லை. "என் பேரையே மாத்த வச்சிடுவ போல," என்றாள் அக்கா.

ஒரு விடுமுறைக் காலையில் கணவன் காரை வெளியே எடுத்துக் கழுவ, கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். மகள் தண்ணீர் டம்ளரைத் தவறவிட்டாள். அவன் பெல்ட்டைக் கழற்றினான். முதல் அடி குழந்தையின் முதுகில் விழுந்தது. அடுத்ததைத் தாய் முகத்தில் வாங்கினாள், உதடு கிழிந்தது. அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். கைக்கு எட்டிய வாணலியால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவன் சரிந்தான். சாவியையும் மகளையும் பற்றிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

இன்ஜின் உயிர்பெறுவதற்குள் ஸ்பேனரோடு நொண்டி வந்தான். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை நொறுக்கினான். பிறகு காருக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஓட்டுடி, பாக்கலாம்!"

கார் பின்னோக்கிப் பாய்ந்தது. அவன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நிறுத்தியது அவளுடைய கால்.

அவன் சிரித்தான். "ஏத்த வேண்டியதுதானே? அவ்வளவுதான் உன் தைரியம்!"

சுற்றி வந்து, உடைந்த ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான். அவள் பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. பிரேக்கை விட்டாள்.

முடியை விட்டிருந்தால் கை தப்பியிருக்கும். அவன் விடவில்லை. கேட்டுத் தூண் அதை முழங்கைக்குக் கீழே முறித்தது. சத்தம் இன்ஜினை மீறிக் கேட்டது.

தெருவில் அவளே பிரேக் பிடித்தாள்.

"அம்மா, உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றாள் பின்னிருக்கையில் மகள்.

"பின்னாடி நல்லாவே ஓட்டுவேன்."

"முன்னாடி?"

முதல் கியரில் வண்டி குலுங்கி நின்றது. கேட்டருகே அவன் மற்றக் கையால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் வாயிலிருந்த இரத்தத்தை விழுங்கினாள். மறுபடி சாவியைத் திருப்பி, கிளட்சை மெல்ல விட்டாள்.

வண்டி நகர்ந்தது.