இரண்டு பேரில் ஒருவருக்கு

1

என் மேசைமேல் கிடந்த ஒரு பாதி மாத்திரையிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

'மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாலை வெயில் மெல்ல…'

அடித்தாயிற்று. எங்கள் தாழ்வாரத்தில் ஜன்னலே கிடையாது.

'டிரைவர் என் அப்பா. அவருடைய இதயம்…'

இதையும் அடித்தேன். அப்பாவை நோயாளியாக்கினால் நீங்கள் சுலபமாக அழுதுவிடுவீர்கள். மனிதர் குண்டுக்கல் மாதிரி இருக்கிறார். இன்று காலைகூட என்னோடு சண்டை போட்டார்.

2

நான் இதய நோய் ஆய்வு ஒன்றில் உதவியாளர். இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு புது மாத்திரை பலன் தருகிறதா என்று பார்க்கிறோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத சும்மா மாத்திரை.* யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்கள் தலைமை மருத்துவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வருவார்கள். எடை பார்ப்பேன், கால் வீக்கம் பார்ப்பேன், குப்பியில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவேன்.

(* இதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. சொன்னால் கேட்பவருக்கே நெஞ்சு வலிக்கும்.)

ஒப்புதல் படிவத்தில் 'தாங்கள் சமவாய்ப்பு முறையில் ஒரு பிரிவில் இடப்படுவீர்கள்' என்றிருந்தது. எழுதியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்து தெருவுக்கே படிவம் நிரப்பியவள். புரியாத படிவத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அன்று பெஞ்சில் இருந்தவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஓய்வு என்றால் சண்டைக்கு வரும் டெய்லர். கையை நீட்டிச் சொன்னேன்:

"இப்போ உங்க ரெண்டு பேரையே எடுத்துக்குங்க. ஒருத்தருக்கு நிஜம், ஒருத்தருக்கு சும்மா."

இந்த வாக்கியத்தையும் அடிக்க ஆசைதான். முடியாது. சொல்லித் தொலைத்துவிட்டேன்.

3

ஒரு மாதம் கழித்து டிரைவரின் குப்பியைக் கவிழ்த்தேன். ஐந்து முழு மாத்திரை, இரண்டு பாதி. டெய்லரின் குப்பியிலும் அப்படியே. ஒரு பாதியின்மேல் நீலச் சாக்பீஸ் தூள்.

"என்னங்க இது?"

"கத்தரிக்கோல்லதாம்மா வெட்டினேன்," என்றார் டெய்லர், பெருமையாக. "நூல் பிசகல பாரு."

"ஏன் வெட்டினீங்கன்னு கேக்கறேன்!"

"நீதானே சொன்ன, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு சும்மான்னு," என்றார் டிரைவர். "அது யாரா இருந்தாலும் பாவம்தானே? அதான் தினமும் ஆளுக்குப் பாதி மாத்திக்கிட்டோம்."

"ஐயோ, அது உதாரணம்! ரெண்டு பேருக்குமே சும்மாவா இருக்கலாம்!"

டிரைவர் டெய்லரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ உன்னால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"யோவ், தினமும் உன் வீட்டு மாடி ஏறி வந்து குடுத்தேன்யா!"

"மாடி ஏறினியா? போன மாசம் வாசப்படிக்கே உக்காந்து உக்காந்துதானே வந்த?"

நான் குனிந்து டெய்லரின் கால் வீக்கத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

4

(சாக்பீஸ் தூள் நான் சேர்த்தது. டெய்லர் என்று நீங்கள் நம்ப வேண்டுமே. கத்தரிக்கோல் நிஜம்.)

ஐந்தும் இரண்டு பாதியும் ஆறு. 'மிச்சம்: 6' என்று எழுதினால் ஒரு பயலுக்கும் தெரியாது. ஆனால் கணக்கு பொய்யாகிவிடும். நல்ல மருந்தைப் பலனில்லை என்று தூக்கிப் போடக்கூடும். முகம் தெரியாத எத்தனையோ பேர் மாடி ஏறாமலே போவார்கள். உண்மையை எழுதினால் இருவரையும் ஆய்விலிருந்து நீக்கிவிடக்கூடும். டெய்லருக்கு இதை விட்டால் நெஞ்சைக் காட்ட வேறு இடமில்லை.

உண்மையையே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில்: 'நோயாளிகள்மேல் தப்பில்லை. விளக்கியவள் நான். என் உதாரணம் மோசம். உங்கள் படிவம் அதைவிட மோசம்.'

5

முடிவு அ: தலைமை மருத்துவர் படித்துவிட்டு, "ரெண்டு பேரையும் எடுத்துடுங்க" என்கிறார். "ஆய்வுலேர்ந்து எடுங்க மேடம், வைத்தியத்துலேர்ந்து எடுக்காதீங்க" என்று நான் கத்துவது வாசல்வரை கேட்கிறது. அடுத்த செவ்வாய், அதே பெஞ்ச். புதுச் சட்டைக்கு டிரைவரின் தோளை டெய்லர் அளந்துகொண்டிருக்கிறார்.

முடிவு ஆ: தலைமை மருத்துவர் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். "இருக்கட்டும். நடந்ததை நடந்தபடி பதிவு பண்ணுங்க. இவ்வளவு வாய் பேசறீங்கல்ல, படிவத்தை நீங்களே எழுதுங்க." அடுத்த செவ்வாய், அதே பெஞ்ச். புதுச் சட்டைக்கு டிரைவரின் தோளை டெய்லர் அளந்துகொண்டிருக்கிறார்.

ஒன்று நிஜம், ஒன்று சும்மா. ஒரே நிறம், ஒரே அளவு. எது எதுவென்று சொல்லமாட்டேன். ஏதாவது ஒன்றை எடுத்து விழுங்குங்கள்.

பக்கத்தில் யாராவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொள்ளாதீர்கள்.